செம்மரத்தின் பெயருக்கு நடுவில் இரண்டு எழுத்து

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். தாவரவியல் துறையின் ஆண்டு மலரில் என் கட்டுரை வருவது பொருத்தமில்லை என்று எனக்கே தெரியும். முப்பத்து மூன்று வருடம் அந்தத் துறையில் வேலை பார்த்திருந்தாலும், நான் எழுதியதெல்லாம் உள்ளங்கை அகலச் சீட்டில் அடங்கிவிடும். செடியின் பெயர், கிடைத்த இடம், பறித்தவர் பெயர், தேதி. அதைத் தவிர எழுதியது லீவு லெட்டர் மட்டும்தான். அதிலும் இரண்டு வரிக்கு மேல் போனதில்லை.

எழுத வைத்தது பிரியா. துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண். ஹெர்பேரியத்தில் உள்ள தாள்களை ஒவ்வொன்றாகப் படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவள் வேலை. நான் ஓய்வு பெற்ற பிறகும் சந்தேகம் வந்தால் போன் செய்வாள். போன மாதம் ஒரு நாள் கேட்டாள்.

"அக்கா, நம்ம லிஸ்ட்ல பேருக்கு நடுவுல நடுவுல சி.எஃப்.னு வருதே, இன்னாக்கா அது? கம்ப்யூட்டர் ஒத்துக்க மாட்டேங்குது. செவப்புக் கோடு போடுது. எல்லாத்தையும் எடுத்துடட்டுமா?"

"எடுக்காதம்மா."

"டைப்பிங் மிஸ்டேக் இல்லையா?"

"இல்ல."

"அப்ப இன்னா?"

எனக்குப் போனில் பேச வராது. நேரிலும் அப்படித்தான். எழுதித் தருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அவள் அதைத் துறைத் தலைவரிடம் சொல்லியிருக்கிறாள். அவர் மலருக்கே எழுதித் தரும்படி கேட்டுவிட்டார். இனி மறுக்க முடியாது. எனக்குத் தெரிந்ததை, நடந்தபடி எழுதுகிறேன்.

நான் ஆம்பூரில் பிறந்தவள். அப்பா அங்கே ஒரு டேனரியில் தோல் ஊறும் தொட்டிகளில் வேலை பார்த்தார். அவர் வீட்டுக்கு வரும்போது கூடவே கடுக்காய் வாசனையும் வரும். தோல் பதனிடக் கடுக்காய்த் தூள் போடுவார்கள். அது மலையிலிருந்து மூட்டை மூட்டையாக வரும். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு, பின்னால் தெரியும்.

கல்லூரியில் என்னை எடுத்தது பெருக்கித் துடைக்கும் வேலைக்கு. ஹெர்பேரியம் என்ற சொல்லையே அங்கேதான் முதலில் கேட்டேன். செடிகளை அழுத்தி உலர்த்தி, தாளில் ஒட்டி, பெயர் எழுதிப் பாதுகாக்கும் அறை. இரும்பு பீரோக்கள் இரண்டு வரிசை. கதவைத் திறந்தால் நாப்தலின் நெடி. ஒட்டும் வேலை பார்த்தவர் ஓய்வு பெற்றுப் போனதும், என் கை சுத்தமாக இருக்கிறது என்று சொல்லி அந்த வேலையை எனக்குக் கொடுத்தார் நசீமா மேடம். அவர்தான் அந்த அறைக்குப் பொறுப்பு. என்னைவிட ஆறு ஏழு வயது பெரியவர். வாலாஜாபேட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார்.

வேலை கற்றுக்கொள்ள ஒரு வருடம் ஆனது. பறித்து வந்த கிளையை நியூஸ் பேப்பரின் நடுவே விரித்து அழுத்த வேண்டும். பேப்பரை ஒரு வாரம் தினமும் மாற்ற வேண்டும். மேடம் வீட்டிலிருந்து வரும் உருது பேப்பர்தான் ஈரத்தை நன்றாக இழுக்கும். காய்ந்ததும் மருந்து கலந்த ஸ்பிரிட்டில் நனைத்து, மறுபடி உலர்த்தி, கெட்டித் தாளில் ஒட்ட வேண்டும். தாள் பதினாறரை அங்குல நீளம், பதினொன்றரை அங்குல அகலம். பசை மைதாவில் காய்ச்சுவது, பூச்சி வராமலிருக்கச் சிட்டிகை மயில்துத்தம் போட்டு. தடித்த காம்பை ஒட்டினால் நிற்காது, ஊசி நூலால் தைக்க வேண்டும். உதிர்ந்த காய், பூ, விதை எதையும் தூக்கிப் போடக் கூடாது. ஒரு சின்னக் காகிதப் பொட்டலம் மடித்து அதில் போட்டு, அதே தாளின் மேல் மூலையில் ஒட்ட வேண்டும். கீழே வலது மூலையில் பெயர்ச் சீட்டு.

பெயர்ச் சீட்டு விஷயத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் இது இன்ன செடி என்று தீர்மானித்துத் தன் பெயரோடு சீட்டு ஒட்டுகிறார். பத்து வருடம் கழித்து இன்னொருவர் பார்த்து, அது தவறு, இது வேறு செடி என்கிறார். அப்போதும் பழைய சீட்டைக் கிழிக்கக் கூடாது. புதுச் சீட்டை அதற்கு மேலே ஒட்ட வேண்டும். யார் எப்போது என்ன நினைத்தார்கள் என்பது தாளிலேயே இருக்கும். சில தாள்களில் மேடம் பெயரே இரண்டு சீட்டில் வரும். கீழே ஒரு புல்லின் பெயர், மேலே வேறு புல்லின் பெயர், இரண்டிலும் அவர் கையெழுத்து. அப்படி ஒன்றை ஒட்டச் சொல்லிக் கொடுத்தபோது சிரித்தார்.

"அந்த நசீமாவுக்கு அப்ப இன்னா தெரியும் எஸ்தர். பாவம், சின்னப் பொண்ணு."

அவர் என்னை எஸ்தர் என்றுதான் கூப்பிடுவார். 'ங்க' போட்டுத்தான் பேசுவார். மற்றவர்களுக்கு நான் ஏம்மா, இந்தாம்மா. ஆபீஸில் சிலர் கையைத் தட்டிக் கூப்பிட்டதும் உண்டு. மேடம் இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட என்னைத் திட்டியதில்லை. நான் ஏதாவது தப்பாகச் செய்தால் தன் கை லென்ஸை என் பக்கம் நீட்டி, "நீங்களே பாருங்க" என்பார். பார்ப்பேன். தெரிந்துவிடும். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

பெயர் எழுதுவதற்கு முன் அவருக்கு ஒரு பழக்கம். பேனாவை மூடியோடு மேசையில் வைத்துவிடுவார். புதுச் செடியை ஒரு பக்கம், ஏற்கெனவே பீரோவில் இருக்கும் தாளை ஒரு பக்கம் வைத்து, இலையை இலையோடு, காயைக் காயோடு பார்ப்பார். எழுந்து போய்த் தண்ணீர் குடித்து வந்து திரும்பப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் பேனாவின் மூடி திறக்கும். அப்படியும் மனசு நிற்கவில்லை என்றால் பெயருக்கு நடுவில் அந்த இரண்டு எழுத்தைப் போடுவார். சின்ன சி, சின்ன எஃப், ஒரு புள்ளி.

பிரியா கேட்டதைத்தான் நானும் அப்போது கேட்டேன். மேடம் சொன்னதை நினைவிலிருந்து எழுதுகிறேன். இலத்தீன் மொழியில் 'கான்ஃபெர்' என்று ஒரு சொல். கான் என்றால் சேர்த்து, ஃபெர் என்றால் கொண்டு வா. இரண்டையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து ஒப்பிட்டுப் பார் என்று பொருள். அந்தக் காலத்தில் புத்தகம் எழுதியவர்கள், இன்ன பக்கத்தையும் பார்த்துக்கொள் என்று சொல்வதற்கு அதைச் சுருக்கி, பாதிக்கு ஒரு எழுத்தாக இரண்டு எழுத்து எழுதினார்களாம். செடி படித்தவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். ஒரு செடிக்கு இரண்டு பகுதியாகப் பெயர். முதல் பகுதி குடும்பப் பெயர் மாதிரி, இரண்டாவது சொந்தப் பெயர் மாதிரி. நடுவில் சி.எஃப். போட்டால், குடும்பம் நிச்சயம், ஆள் இவர் போலத்தான் தெரிகிறது, ஆனால் உறுதி சொல்லக் கையில் இருப்பது போதவில்லை, ஒப்பிட்டுப் பாருங்கள் என்று அர்த்தம்.

"தெரியாதுன்னு எழுதறதும் இதுவும் ஒன்னுதானே மேடம்?" என்று கேட்டேன்.

"இல்ல எஸ்தர். தெரியாதுன்னா கதவ மூடிட்டோம்னு அர்த்தம். இது, நான் இவ்ளோ தூரம் வந்துட்டேன், மிச்சத்த நீங்க வந்து பாருங்கன்னு பின்னால வர்றவங்களுக்கு எழுதற லெட்டர்."

இனிச் சொல்லப்போவது நான் செய்த தவறு. அதை விட்டுவிட்டு எழுதினால் இந்த இரண்டு எழுத்தைப் பற்றி எழுதியதாக ஆகாது.

ஒட்டும் வேலை எனக்கு வந்த நான்காவது மாதம். மேடம் வகுப்புக்குப் போயிருந்தார். மேசையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று வேங்கை, ஒன்று செம்மரம். இரண்டும் ஒரே குடும்பம். இரண்டுக்கும் காய் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். சின்ன அப்பளத்தின் நடுவில் ஒரு பொத்தானைத் தைத்தது போல. ஒவ்வொரு தாளிலும் இரண்டு காய் உதிர்ந்து கிடந்தது. பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தேன். காலையிலிருந்து கரண்ட் இல்லை. ஃபேன் சுவிட்சை யாரும் அணைக்கவில்லை. திடீரென்று கரண்ட் வந்து, ஃபேன் முழு வேகத்தில் சுற்றியது. நான்கு காயும் பறந்து தரையில் விழுந்தன.

பொறுக்கி எடுத்தேன். எது எதனுடையது என்று தெரியவில்லை. இரண்டு பெரியது, இரண்டு சின்னது. வேங்கை பெரிய மரமாயிற்றே, பெரிய காய் அதனுடையதாகத்தான் இருக்கும் என்று நானே முடிவு செய்தேன். பெரியதை வேங்கைப் பொட்டலத்தில் போட்டேன், சின்னதைச் செம்மரப் பொட்டலத்தில். ஒட்டிவிட்டேன். மேடம் வந்ததும் சொல்லியிருக்கலாம். வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. அதைவிட, எனக்கு ஒருவர் முகத்தைப் பார்த்துத் தப்பைச் சொல்லும் தைரியம் கிடையாது. நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். அந்த நாளை ஒன்பது வருடம் போனது.

ஒன்பதாவது வருடம், மாசி மாதம், ஒரு திங்கட்கிழமை, வனக் காவலர் தனசேகர் வந்தார். முப்பது வயது இருக்கும். காக்கிச் சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. ஒரு பிளாஸ்டிக் கவரை மேடம் மேசையில் வைத்தார். உள்ளே ஏழெட்டுக் காய்கள். அதே அப்பளம், அதே பொத்தான்.

விஷயம் இதுதான். அணைக்கட்டு என்ற ஊருக்கு மேலே மலையில் இருக்கும் கிராமத்தைச் சேர்ந்த வெள்ளையன் என்பவர் கடுக்காய் பொறுக்கி டேனரிகளுக்கு அனுப்புகிறவர். அதற்கு அவரிடம் பாஸ் இருந்தது. செக்போஸ்டில் சோதித்தபோது, கடுக்காய் மூட்டைகளுக்கு அடியில் ஒரு சின்னப் பையில் இந்தக் காய்கள் இருந்திருக்கின்றன. வேங்கைக் காய், நர்சரிக்காரர் ஒருவர் விதைக்குக் கேட்டார் என்று வெள்ளையன் சொல்லியிருக்கிறார். பார்த்தவர்களுக்குச் செம்மரக் காயோ என்று சந்தேகம். செம்மரம் என்றால் எங்கள் பக்கத்தில் எவ்வளவு பெரிய விவகாரம் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மூட்டைகளை நிறுத்திவிட்டார்கள். பாஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

"காலேஜ்ல எழுதிக் குடுக்கறதுதான் மேடம் முடிவு," என்றார் தனசேகர். "செம்மரம்னா கேஸு, பாஸ் கேன்சல். வேங்கைன்னா விட்டுடுவோம். பாஸ் போச்சுன்னா அந்தாளுக்கு வேற பொழப்பு கெடையாது. நீங்க எதுவானாலும் எழுதுங்க. கரெக்டா எழுதுங்க."

மேடம் என்னைப் பார்த்தார். "எஸ்தர், ரெண்டு தாளையும் எடுத்துக்கினு வாங்க."

எடுத்து வந்தேன். பொட்டலங்களைத் திறந்து, வந்த காயைப் பக்கத்தில் வைத்து லென்ஸில் பார்த்தார். வந்த காய்கள் சின்னவை. செம்மரப் பொட்டலத்துக் காயோடு அச்சாகப் பொருந்தின. பேனா மூடியோடு மேசையில் கிடந்தது. தண்ணீர் குடித்து வந்து மறுபடி பார்த்தார். மேடம் படித்தது புல் வகை. மரங்களில் அவருக்குப் புத்தகமும் பீரோவும்தான் துணை. புத்தகத்தில் போட்டிருந்த அளவுகள் இரண்டு மரத்துக்கும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்றன. மிச்சம் பீரோதான். கடைசியில் ஒரு சீட்டில் டெரோகார்பஸ் என்று எழுதி, சி.எஃப். போட்டு, சாண்டலினஸ் என்று முடித்தார். செம்மரத்தின் பெயர் அது. நடுவில் அந்த இரண்டு எழுத்து.

தனசேகர் அதை வாங்கிக்கொண்டு போய், புதன்கிழமை திரும்பி வந்தார். கூடவே வெள்ளையனையும் அழைத்து வந்திருந்தார். அவர் உள்ளே வராமல் வராந்தாவில் உட்கார்ந்துவிட்டார்.

"மேடம், இந்த ரெண்டு எழுத்து பெரிய பேஜாரா பூடுச்சு," என்றார் தனசேகர். "எங்க சார் கேக்கறார், இது ஆமாவா இல்லையான்னு. ஆமான்னா கேஸ் போடலாம். இல்லன்னா விடலாம். நடுவுல இருக்கறத வெச்சிக்கினு நான் இன்னா பண்றது?"

"காய் மட்டும்தானே குடுத்தீங்க? இலை குடுத்தா சொல்லலாம்."

"பையில இலை இல்லியே மேடம்."

"உங்க ஆபீஸ்ல செம்மரம் நிக்குதே, அந்தக் காயோட வெச்சிப் பாக்கறது?"

"அது போன வருஷம் வெச்சது மேடம். இன்னும் என் இடுப்பு ஒசரம்கூட வரல. அது காய்க்கறதுக்குள்ள நான் ரிட்டயர் ஆயிடுவேன்."

மேடம் சிரித்தார். பிறகு யோசித்தார். "வெள்ளிக்கிழமை வாங்க. நான் இன்னொரு தடவ பாத்துட்டு, எடுக்கறதுன்னா எடுத்துடறேன்."

நான் வெள்ளையனுக்குத் தண்ணீர் கொண்டுபோனேன். ஒல்லியான மனிதர். கடுக்காய்க் கறை ஏறிய விரல்கள். அந்த வாசனையை வைத்தே அவர் யாரென்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பேன். எங்கள் அப்பாவின் விரல்களும் அப்படித்தான் இருக்கும். சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்.

"அது வேங்கைதாம்மா. மரம் எங்க நிக்குதுன்னு எனக்குத் தெரியும். வா, காட்டறேன்னு சொன்னா எவனும் வர மாட்டேங்கறான். எல்லாரும் ரூமுக்குள்ளயே ஒக்காந்து காயத் திருப்பித் திருப்பிப் பாக்கறாங்க."

நான் சொம்போடு உள்ளே வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை மாலை மேடம் அந்த இரண்டு தாளையும் மறுபடி விரித்து வைத்திருந்தார். நான் பீரோக்களைப் பூட்டிக்கொண்டிருந்தேன்.

"எஸ்தர், எனக்கு இப்ப சந்தேகம் வரல. ஒன்னாத்தான் இருக்கு. அந்த ரெண்டு எழுத்த எடுத்துட்டு எழுதிடலாம்னு தோணுது. அந்த ஃபாரஸ்ட் கார்டும் பாவம், எத்தன தடவ அலைவார்."

பேனாவின் மூடியைத் திறந்தார். நான் அதுவரை கேட்ட எந்தச் சத்தத்தையும்விட அந்த மூடி திறந்த சத்தம் எனக்குப் பெரிதாகக் கேட்டது. அவருக்குச் சந்தேகம் போனதற்குக் காரணம் அந்தப் பொட்டலத்தில் இருந்த இரண்டு காய். அதை அங்கே போட்டது என் கை. வெள்ளையன் வராந்தாவில் உட்கார்ந்திருந்தது கண்ணில் நின்றது.

"மேடம்," என்றேன். சாவிக்கொத்தை மேசையில் வைத்தேன். வேலையை விட்டுப் போகிறவள் வைப்பது போல வைத்தேன் என்று பிறகு மேடம் சொன்னார். "அந்தக் காய நம்பாதீங்க மேடம். நான் மாத்திப் போட்டிருப்பேன்."

ஃபேன், கரண்ட், நான்கு காய் எல்லாவற்றையும் சொன்னேன். தரையைப் பார்த்தபடிதான் சொன்னேன். முடிந்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்.

"எத்தன வருஷமா?"

"ஒம்பது."

பேனாவை மூடும் சத்தம் கேட்டது. திட்டுவார் என்று நின்றேன். லென்ஸை நீட்டுவார் என்றும் நினைத்தேன். இரண்டும் நடக்கவில்லை.

"அல்லா, நான் அந்த ரெண்டு எழுத்த அடிக்கப் போனேனே," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். "அணைக்கட்டுக்குக் காலையில மொத பஸ் எத்தன மணிக்கு எஸ்தர்?"

மறுநாள் காலை நாங்கள் இரண்டு பேரும் பஸ்ஸில் போனோம். மடியில் செடி அழுத்தும் பலகை, உருது பேப்பர் கட்டு. மேடம் வழியில் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. தன் மாமியார் செய்த சேமியா பாயசம் கெட்டுப்போன கதையைச் சொன்னார். நான் சிரித்துவிட்டேன். சிரித்தது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. இறங்கிய இடத்தில் தனசேகரும் வெள்ளையனும் காத்திருந்தார்கள். முந்தின மாலையே மேடம் போன் செய்து சொல்லியிருந்தார்.

ஒன்றரை மணி நேரம் மேலே நடந்தோம். மேடம் பர்தாவின் கையை முழங்கை வரை மடித்துவிட்டுக்கொண்டு நடந்தார். இரண்டு தடவை உட்கார்ந்தார். வெள்ளையன் முன்னால் போய் நின்று நின்று திரும்பிப் பார்த்தார்.

"இத்தினி நாளா ஒருத்தரும் வரல. இப்ப ஒரு மரத்துக்கு மூணு பேரா," என்றார்.

"நாலு பேரு. உன்ன விட்டுட்டியே," என்றார் தனசேகர்.

"நான் மரத்துக்காரன். கணக்குல வர மாட்டேன்."

சரிவில் மரம் நின்றது. இலைகள் பாதி உதிர்ந்திருந்தன. மேலே ஒரு பக்கம் மட்டும் இலையும் காயும் சேர்ந்து தொங்கின. வெள்ளையன் அரிவாள் முனையால் பட்டையில் லேசாக ஒரு கீறல் போட்டார். சிவப்பாகக் கசிந்தது.

"இந்தப் பால எடுத்துதான் எங்க புள்ளைங்களுக்குப் பொட்டு வெப்போம். செம்மரத்துல எவனாவது புள்ளைக்குப் பொட்டு வெப்பானா?"

"அத நான் லெட்டர்ல எழுத முடியாதுங்க," என்றார் மேடம். "கிளை வேணும். இலையும் காயும் ஒரே கிளையில இருக்கணும். ஒரே வெட்டுல எறக்கணும்."

அவர் ஏறி, ஒரே வெட்டில் இறக்கினார். கீழே விழ விடவில்லை, கையிலேயே பிடித்துக்கொண்டு இறங்கி, கிளையை மேடத்திடம் கொடுக்காமல் என்னிடம் கொடுத்தார். ஏன் என்று தெரியவில்லை. பலகையை நான் வைத்திருந்ததால் இருக்கலாம்.

"நீங்களே பாருங்க எஸ்தர்," என்றார் மேடம்.

ஒரு காம்பில் எத்தனை இலை என்று எண்ணினேன். ஐந்து. அடுத்ததில் ஏழு. அடுத்ததில் ஆறு. செம்மரத்துக்குப் பெரும்பாலும் மூன்றுதான். இது வேங்கை. அதே கிளையில் தொங்கிய காயை, தனசேகரின் கவரில் இருந்த காயோடு வைத்துப் பார்த்தேன். அளவு, நடுவில் இருக்கும் மேடு, ஓரத்து நரம்பு, காம்பு எல்லாம் ஒன்று. அப்படியென்றால் செம்மரப் பொட்டலத்தில் நான் போட்ட சின்னக் காய்தான் வேங்கையுடையது. மேடம் லென்ஸ் வைத்து எல்லாக் காயையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவசரப்படவில்லை. அங்கே தண்ணீர் குடிக்கப் போக இடமில்லாததால் மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து மறுபடி பார்த்தார்.

"வேங்கை," என்றார்.

வெள்ளையன் தலையை மட்டும் ஆட்டினார். அவருக்கு அது செய்தி இல்லை. தனசேகர்தான் பெரிதாக மூச்சு விட்டார்.

கல்லூரிக்குத் திரும்பியபோது மணி மூன்று. மேடம் டைப்ரைட்டர் முன் உட்கார்ந்து முதலில் கடிதத்தை அடித்தார். டெரோகார்பஸ் மார்சூபியம், வேங்கை. நடுவில் எந்த எழுத்தும் இல்லை. முன்பு கொடுத்த சீட்டில் தான் எழுதியது என்ன, அது ஏன் மாறியது என்பதையும் இரண்டு வரியில் அடித்தார். தன் பெயரைப் போட்டார். குற்றம் யாருடையது என்று அந்தக் கடிதத்தில் ஒரு சொல் இல்லை. ஒப்பிடுவதற்கு வைத்திருந்த காய்கள் இடம் மாறியிருந்தன என்று மட்டும் இருந்தது.

பிறகு சீட்டுகள். முதல் சீட்டு அன்று வெட்டிய கிளைக்கு. பறித்தவர் என்ற இடத்தில் வெள்ளையன் என்று அடித்தார். அந்த இடத்தில் எப்போதும் பேராசிரியர்கள் பெயர்தான் வரும். இரண்டாவதும் மூன்றாவதும் அந்தப் பழைய தாள்களுக்கு. பொட்டலத்துக் காய்கள் இடம் மாறியிருந்தன, சரியான பொட்டலத்துக்கு மாற்றப்பட்டன என்று அடித்துவிட்டு, கண்டறிந்தவர் என்று எழுதி, பி. எஸ்தர் என்று என் பெயரைப் போட்டார். அட்டெண்டர் என்று போடவில்லை.

"மேடம், தப்புப் பண்ணதே நான்தானே. கண்டறிந்தவர்னு போட்டா எப்படி?"

"மாத்திப் போட்டவங்க பேரு எழுதற வழக்கம் நம்ம தாள்ல கிடையாது எஸ்தர். சரி பண்ணவங்க பேருதான் போடுவோம்." சீட்டை டைப்ரைட்டரிலிருந்து உருவி என்னிடம் கொடுத்தார். "ஒன்பது வருஷம் ஜாஸ்திதான். அடுத்த தடவ ஜல்தி சொல்லுங்க."

அவ்வளவுதான் அவர் என்னைக் கண்டித்தது.

திங்கட்கிழமை தனசேகர் வாங்கிப் போன சீட்டின் நகலையும் புதுத் தாளில் ஒட்டச் சொன்னார். தன்னுடைய சி.எஃப். சாண்டலினஸ் அப்படியே இருக்கட்டும், அதற்கு மேலே மார்சூபியம் ஒட்டுங்கள் என்றார். "அந்த ரெண்டு எழுத்து இல்லன்னா இன்னிக்கு நாம இங்க சிரிச்சிக்கினு ஒக்காந்திருக்க மாட்டோம். அது இருக்கட்டும்."

அந்தத் தாள் இன்றும் மூன்றாவது பீரோவில் இருக்கிறது. பிரியா படம் எடுத்திருப்பாள். பிரியா, உன் கம்ப்யூட்டர் சிவப்புக் கோடு போட்டால் போடட்டும். சி.எஃப். இருக்கும் ஒவ்வொரு இடத்திலும் யாரோ ஒருவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, அடுத்து வருபவருக்காக நின்றிருக்கிறார். அதை எடுத்துவிட்டால், நிற்காதவர்கள் எழுதியதற்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விடும். அதற்கென்று கம்ப்யூட்டரில் தனிக் கட்டம் இருந்தால் அதில் போடு. தாளில் மட்டும் கை வைக்காதே.

நசீமா மேடம் ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகிறது. வாலாஜாபேட்டையில் மகனோடு இருக்கிறார். ரம்ஜானுக்கு நான் போவேன், கிறிஸ்துமஸுக்கு அவர் போன் செய்வார். கண் சரியாகத் தெரியவில்லை என்கிறார். லென்ஸை எனக்குக் கொடுத்துவிட்டார். இந்தக் கட்டுரை எழுதப்போகிறேன் என்று சொன்னபோது, "என் பேர கம்மியா போடுங்க" என்றார். முடியவில்லை. படிப்பில்லாத ஒருத்தியை இத்தனை வருடம் 'ங்க' போட்டுக் கூப்பிட்டு, தப்புச் செய்த நாளிலும் அதை விடாமல் இருந்தவர். அந்தக் கடனைச் சொல்ல எனக்கு வேறு இடமில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மாலை பசை தீர்ந்திருந்தது. மறுநாள் காலை மைதா காய்ச்சி, சீட்டுகளை ஒவ்வொன்றாக ஒட்டினேன். பதினோரு மணிக்குத் தனசேகர் வந்து கடிதத்தை வாங்கிக்கொண்டு போனார். வெள்ளையனுக்குப் பாஸ் கிடைத்தது. மூட்டைகள் ஆம்பூருக்கு லாரி ஏறின. பசை காய்ந்ததும் தாள்களை மூன்றாவது பீரோவில் வைத்துப் பூட்டினேன்.